அட்டைப்படம் தந்த வாக்கு

கடந்த மாதம் ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கணினித்துறை படித்தவன். பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. இரவில் நண்பன் ஒருவனுடன் சேர்ந்து இரண்டு வருடங்களாக ஒரு சிறிய கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறான். தூர இடத்துக்குப் புறப்படும் பஸ் ஒன்றின் கூரையிலே பயணிகளின் பொதிகளை அடுக்கவேண்டும். சாக்கு, சூட்கேஸ், சைக்கிள், பலாப்பழம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இடைவெளி விடாமல் அடுக்கினால் பஸ் ஊர்போய்ச் சேரும். பிழையாக அடுக்கினால் முதலாவது வளைவிலேயே பொதிகள் சரிந்துவிடும். விளையாட்டு அவ்வளவுதான். ஐந்து நிமிட ஓய்வு கிடைத்தால் ஆடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். இந்த வகையைக் 'கசுவல்' விளையாட்டு என்று அத்துறையினர் அழைக்கிறார்கள்.

மின்னஞ்சலோடு இரண்டு படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. இணையக் கடையில் அந்த விளையாட்டுக்கு முகப்பாக வைக்கப்படவேண்டிய படங்கள் அவை. முதலாவதில் தீப்பிழம்புகளுக்கு நடுவே உடைந்த பாலமொன்றைத் தாண்டிப் பாய்கிறது பஸ். சாரதியின் வாய் அகலத் திறந்திருக்கிறது. இரண்டாவதில் அமைதியாக ஒரு பஸ் நிற்கிறது, கூரையிலே பொதிகள், பின்னால் பனைமரங்கள், மேலே விளையாட்டின் பெயர். "மாமா, நீங்கள் முப்பது வருஷம் பேப்பரிலை முன்பக்கம் போட்ட ஆள். எதைப் போட்டால் சனம் நிண்டு பார்க்கும் எண்டு சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தான்.

எனக்கும் கணினி விளையாட்டுக்கும் வெகுதூரம். ஆயினும் அவன் கேட்ட கேள்வி எனக்குப் புதியதன்று. அதற்கு நான் ஒருமுறை பிழையான விடை எழுதியிருக்கிறேன்.

1990களின் நடுப்பகுதி. கொழும்பிலே ஒரு வார இதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடிக்கிடந்த காலம். கடைவாசல்களில் தொங்கவிடும் சுவரொட்டிக்கு வாசகம் எழுதுவது அந்த வாரம் என் பொறுப்பு. "யாழ். பாதை திறக்கிறது?" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கேள்விக்குறியைச் சற்றுச் சிறிதாக வைத்தார்கள். உள்ளே இருந்தது ஓர் அரசியல்வாதியின் பொதுக்கூட்டப் பேச்சு மட்டுமே. பத்திரிகை நன்றாக விற்றது. மறுநாள் காலையில் முதியவர் ஒருவர் பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். வவுனியாவுக்கு அப்பால் அவருடைய மனைவி இருந்தார். என் மேசைக்கு எதிரே நின்று, பக்கங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, "தம்பி, இதுக்குள்ளை பாதை எங்கை கிடக்கு?" என்று கேட்டார். கோபப்படவில்லை. உண்மையிலேயே தான்தான் எங்கோ பார்க்கத் தவறிவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே மருமகனுக்கு உடனே பதில் எழுதாமல், இந்த விளையாட்டு அட்டைப்படங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். உள்ளே இருப்பதற்கும் வெளியே காட்டப்படுவதற்கும் இடையிலான இழுபறிதான் அந்த வரலாறு முழுவதும் என்பதைக் கண்டேன். படித்தவற்றுள் முக்கியமானவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1977 செப்ரெம்பரில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. பின்னாளில் 'அட்டாரி 2600' என்று பெயர்பெற்ற அக்கருவியோடு ஒன்பது விளையாட்டுகள் வெளிவந்தன. கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இன்று இணையத்தில் வழங்கும் யூனிகோட் முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் செலவாகிறது. அக்கணக்கில் பார்த்தால் இக்கட்டுரையின் நடுத்தர வாக்கியம் ஒன்றுகூட அந்த நினைவகத்துக்குள் அடங்காது. எனவே திரையில் தெரிந்தவை சதுரங்களும் கோடுகளும்தான். யுத்தத்தாங்கி என்றால் சில சதுரங்களின் கூட்டம், குண்டு என்றால் ஒரு புள்ளி.

அப்படிப்பட்ட சதுரங்களின் படத்தை அட்டையிலே அச்சிட்டுக் கடையில் வைத்தால் யார் வாங்குவார்? அட்டாரி ஓவியர்களை அமர்த்தியது. கிளிஃப் ஸ்போன் என்ற ஓவியர் ஆரம்பகால அட்டைகள் பலவற்றை வரைந்தார். 'கொம்பற்' என்ற விளையாட்டின் பெட்டியிலே தாங்கிகளும் விமானங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து, திரைப்படச் சுவரொட்டியைப் போன்று காட்சியளித்தன. பின்னர் 'அட்வென்ச்சர்' வந்தது. அதன் அட்டையிலே கோட்டையும் பறவை நாகம் போன்ற டிராகனும் புதிர்ப்பாதையும் வண்ணமயமாக விரிந்தன. பெட்டியைத் திறந்து ஆடத் தொடங்கினால் கதாநாயகன் ஒரு சிறு சதுரம். டிராகனோ வாத்தைப் போலிருந்தது என்று அன்று ஆடியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டு நினைவுகூர்கிறார்கள். பந்தை மட்டையால் அடித்துச் செங்கற்களை உடைக்கும் 'சூப்பர் பிரேக்அவுட்' விளையாட்டுக்குக்கூட விண்வெளி வீரர் ஒருவரை வரைந்து வைத்தார்கள்.

இது பொய்யா? அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த ஓவியங்கள் சிறுவர்களுக்கு ஒரு துணை நூலாக இருந்தன. திரையில் நகர்ந்த சதுரத்துக்கு முகத்தையும் கவசத்தையும் கொடுத்தது அட்டைதான். நம்மூரில் வானொலி நாடகம் கேட்டவர்கள் குரலுக்கு முகம் கற்பித்துக்கொண்டதைப் போல, அவர்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஓவியனும் ஆடுபவனும் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடு அது. ஆனால் அந்த உடன்பாட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உள்ளே இருக்கும் விளையாட்டு ஆடத்தக்கதாக இருக்கவேண்டும்.

1979இல் அட்டாரியின் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் நால்வர், தமது பெயர் பெட்டியில் வருவதில்லை, விற்பனையில் உரிய பங்கும் இல்லை என்ற மனக்குறையோடு விலகி, அக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளனுக்குப் பெயர் போடுவதுபோல விளையாட்டை ஆக்கியவரின் பெயரை வெளியிட்டார்கள். அட்டைப்படத்திலும் வேறு வழியை எடுத்தார்கள். திரையில் தெரிவதையே சற்று மெருகூட்டி, பளிச்சென்ற நிறங்களில் வரைந்தார்கள். 1982இல் டேவிட் கிரேன் ஆக்கிய 'பிற்ஃபோல்' இதற்கு நல்ல உதாரணம். கொடியைப் பற்றிக்கொண்டு முதலைகளுக்கு மேலாக ஊஞ்சலாடுகிறான் ஒருவன். அட்டையில் இருப்பதும் அது, திரையில் இருப்பதும் அது, வாங்கியவன் கையால் செய்யப்போவதும் அதுதான். அட்டையிலே ஒரு வினைச்சொல்லை வரைந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே 1982இல் மறுபுறத்தில் உடன்பாடு முறிந்துகொண்டிருந்தது. மார்ச்சில் வெளிவந்த அட்டாரியின் 'பக்-மான்', பொது விளையாட்டுக் கூடங்களில் மக்கள் கண்டு பழகிய மூலத்தோடு ஒப்பிட மிகவும் நலிந்திருந்தது. ஆண்டின் இறுதியில், ஸ்பீல்பேர்க்கின் புகழ்பெற்ற திரைப்படத்தின் பெயரைத் தாங்கி 'ஈ.ரி.' வந்தது. நத்தார் விற்பனையைத் தவறவிடக்கூடாது என்பதற்காக, ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற வடிவமைப்பாளருக்கு அதனை ஆக்க ஏறக்குறைய ஐந்து வாரங்களே கொடுக்கப்பட்டன. பெட்டியிலே உலகமறிந்த முகம் இருந்தது. உள்ளே, மீண்டும் மீண்டும் குழிகளில் விழுந்து எழும்பும் ஓர் உருவம் இருந்தது. 1983 செப்ரெம்பரில் விற்காத கார்ட்ரிஜ்களை லொறிகளில் ஏற்றிச்சென்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டிலே புதைத்தார்கள். பலர் அதைக் கட்டுக்கதை என்றே எண்ணியிருந்தார்கள். 2014 ஏப்ரல் 26ஆம் திகதி அந்த இடத்தைத் தோண்டியபோது நசுங்கிய பெட்டிகள் அட்டைப்படங்களோடு வெளியே வந்தன.

அமெரிக்க வீட்டு வீடியோ விளையாட்டு வணிகம் 1983இல் இருந்த ஏறத்தாழ 300 கோடி டொலரிலிருந்து 1985இல் 10 கோடி டொலர் அளவுக்குச் சரிந்ததாகப் பல வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த வீழ்ச்சிக்கு அட்டைப்படங்கள் காரணமல்ல. அளவுக்கு மிஞ்சிய உற்பத்தி, அவசரத்தில் பிறந்த ஏராளமான தரமற்ற விளையாட்டுகள், வீட்டுக் கணினிகளின் வருகை எனக் காரணங்கள் பல. ஆனால் கடைக்குப் போன பெற்றோர் எதைப் பார்த்து வாங்கினார்கள்? அட்டையைப் பார்த்துத்தான். எல்லாப் பெட்டியும் ஒரே அளவுக்கு அழகாக இருந்தபோது நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய அவர்களுக்கு வழியிருக்கவில்லை. வழியற்றவர்கள் வாங்குவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பாழ்நிலத்துக்குள்தான் 1985 ஒக்டோபரில் ஜப்பானின் நின்டெண்டோ, நியூயோர்க் நகரில் தன் கருவியை அறிமுகம் செய்தது. அதன் முதல் வரிசை விளையாட்டுகளின் பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று 'கரும்பெட்டிகள்' என்று அழைக்கிறார்கள். கறுப்புப் பின்னணி. அதன்மேல் விளையாட்டின் உருவங்கள், திரையில் எப்படிச் சதுரம் சதுரமாகத் தெரியுமோ அப்படியே பெரிதாக்கப்பட்டு நின்றன. நல்ல ஓவியர்களை அமர்த்த வசதியில்லாத நிறுவனமல்ல அது. வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஏமாறக்கூடாது என்பதற்காக எடுத்த முடிவு. 'இதுதான் உள்ளே இருக்கிறது' என்று சொல்வதே அந்த நேரத்தில் மிகச் சிறந்த விற்பனைத் தந்திரமாகவும் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். நம்பிக்கை இழந்த சந்தையில் நேர்மைக்குத் தட்டுப்பாடு. தட்டுப்பாடான பொருளுக்கு எப்போதும் விலையுண்டு.

சந்தை மீண்டதும் ஓவியங்களும் மீண்டன, பிழைகளும் மீண்டன. ஜப்பானில் 'ரொக்மான்' என்று வெளியாகி, 1987இல் அமெரிக்காவுக்கு 'மெகா மான்' என்ற பெயரில் வந்த விளையாட்டின் அட்டையை உலகின் மிக மோசமான அட்டைகளுள் ஒன்று எனச் சொல்வார்கள். விளையாட்டிலே நாயகன் நீலநிறச் சிறுவன், அவனுடைய கையே ஆயுதம். அமெரிக்க அட்டையிலோ நடுவயது மனிதர் ஒருவர் மஞ்சளும் நீலமுமான உடையில், கைத்துப்பாக்கியோடு கோணலாக நிற்கிறார். வரைந்தவருக்கு விளையாட்டைப் பார்க்க நேரம் கொடுக்கப்படவில்லை என்பது பார்த்தவுடனேயே விளங்கும். 2012இல் அந்நிறுவனமே அந்தக் கோணல் மனிதரை வேறொரு விளையாட்டில் கேலிப் பாத்திரமாக நுழைத்துத் தன்னைத்தானே பகிடி பண்ணிக்கொண்டது.

1992இல் 'கேர்பி' என்ற உருண்டைப் பாத்திரம் கறுப்பு வெள்ளைத் திரைகொண்ட கேம் போய் கருவிக்கு வந்தபோது, ஜப்பானிய ஆக்குநர் மனத்தில் அதன் நிறம் இளஞ்சிவப்பு. அமெரிக்கப் பெட்டியிலே அது வெள்ளையாக அச்சிடப்பட்டது. பின்னைய வருடங்களில் அதே பாத்திரம் ஜப்பானிய அட்டைகளில் சிரித்தது, அமெரிக்க அட்டைகளிலோ பல தடவை புருவத்தை நெரித்துக் கோபத்தோடு நின்றது. உள்ளே இருந்தது ஒரே விளையாட்டுத்தான். ஒரு நாட்டுக்கு ஏற்ற முகம் இன்னொரு நாட்டுக்கு ஏற்காது என்று விற்பவர்கள் கணித்தார்கள். நம்மவர்கள் உலகெங்கும் பரந்திருக்கையில், எந்த ஊரானுக்காக முகத்தைத் தீட்டுவது என்ற கேள்வி என் மருமகனுக்கும் உண்டு.

அவனுடைய பஸ் விளையாட்டுக்குப் பாட்டன் முறையான ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போகமுடியாது. 1984இல் மொஸ்கோவின் விஞ்ஞானக் கழகக் கணினி நிலையத்தில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய 'டெட்ரிஸ்' அது. மேலிருந்து விழும் ஏழு வகை வடிவங்களை இடைவெளியின்றி அடுக்கவேண்டும். நாயகன் இல்லை, வில்லன் இல்லை, கதையும் இல்லை. இதற்கு எதை வரைவது? 1988இல் அமெரிக்காவில் அதை வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் நிறுவனம், சிவப்புப் பெட்டியிலே மொஸ்கோவின் புனித பசில் தேவாலயத்தின் வெங்காயக் கோபுரங்களை வரைந்து, ரஷ்ய எழுத்துகளைப் போலத் தோன்றும் எழுத்துகளில் பெயரை எழுதியது. கெடுபிடிப் போரின் இறுதிக்கட்டத்தில், இரும்புத்திரைக்கு அப்பாலிருந்து வந்த பொருள் என்பதே ஒரு கவர்ச்சி. விளையாட்டில் நாடு எதுவும் இல்லை. ஆனால் பிறந்த நாட்டைப் பற்றி அட்டை சொன்னது உண்மை. விளையாட்டுக்கு முகம் இல்லாதபோது அதற்கு ஓர் ஊரைக் கொடுத்தார்கள். கெட்டித்தனமான வழி என்றே நான் கருதுகிறேன்.

2000ஆம் ஆண்டுக்குப் பின் பெட்டிகள் மெல்ல மறையத் தொடங்கின. சியாட்டிலின் பொப்கப் நிறுவனத்தின் 'பிஜுவெல்ட்' போன்ற எளிய விளையாட்டுகள் இணையத்தில் இருந்து இறக்கப்பட்டன. முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிடித்திருந்தால் ஏறத்தாழ 20 டொலர் கட்டி வாங்கலாம் என்பது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். இந்த வழக்கம் அட்டைப்படத்தின் இயல்பையே மாற்றியது. பெட்டியின் காலத்தில் பொய்யான அட்டைக்குப் பணம் முன்னதாகவே கைமாறிவிடும். இங்கே பொய்யின் ஆயுள் அறுபது நிமிடம் மட்டுமே. ஆடிப் பார்த்தவர் காசு கட்டாமல் போய்விடுவார். ஆகவே அக்காலத்து எளிய விளையாட்டுகளின் சிறுபடங்கள் பெரும்பாலும் நேரானவை. 'டைனர் டாஷ்' விளையாட்டிலே வேலையை உதறிவிட்டு உணவுக்கடை தொடங்கிய ஃப்ளோ என்ற பெண், கையில் உணவுத் தட்டுகளை ஏந்தி விரைந்துகொண்டிருப்பாள். ஆடுபவர் செய்யப்போவதும் தட்டுகளை ஏந்தி விரைவதுதான்.

2008 ஜூலை 10ஆம் திகதி அப்பிள் நிறுவனம் கைத்தொலைபேசிகளுக்கான தனது இணையக் கடையைத் திறந்தபோது அங்கே 500 செயலிகள் இருந்தன. அன்றைய தொலைபேசியின் முகப்பில் ஒரு செயலிக்கு ஒதுக்கப்பட்ட சதுரம் 57 பிக்சல் நீளம், 57 பிக்சல் அகலம். ஸ்போனின் தாங்கிகளையும் விமானங்களையும் அதற்குள் இட்டால் சேறுபோலத்தான் தெரியும். ஓவியன் பலவற்றைக் காட்டும் காலம் முடிந்து, ஒன்றே ஒன்றைக் காட்டும் காலம் பிறந்தது.

அந்த ஒன்று எது என்பதற்கு ஃபின்லாந்திலிருந்து விடை வந்தது. ரோவியோ என்ற நிறுவனம் அதற்கு முன் ஐம்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை ஆக்கியும் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 2009இன் தொடக்கத்தில் யாக்கோ ஈசாலோ என்ற வடிவமைப்பாளர், காலும் இறகும் இல்லாத, புருவம் தடித்த, கோபமான உருண்டைப் பறவைகளின் படமொன்றை வரைந்து காட்டினார். எப்படி ஆடுவது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. படத்தைப் பார்த்த அனைவருக்கும் அந்த முகம் பிடித்துவிட்டது. விளையாட்டு அதன் பின்னரே சமைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் 'அங்ரி பேர்ட்ஸ்' வெளியானது. இங்கே அட்டைப்படம் விளையாட்டுக்குப் பின்னால் ஓடிவரவில்லை. படம் முதலில் வாக்குக் கொடுத்தது, விளையாட்டு அதை நிறைவேற்றியது. பறவை ஏன் கோபமாக இருக்கிறது என்ற கேள்விக்கு, முட்டை திருடிய பன்றிகள் என்ற பதிலையும் பின்னர் கண்டுபிடித்தார்கள்.

வெற்றி கண்ட படத்துக்குப் போலி வருவது உலக வழக்கம். 2012இல் 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' விளையாட்டின் சின்னத்தில் வாயைப் பிளந்து கத்தும் போர்வீரனின் முகம் வந்தது. சில வருடங்களுக்குள் கடை முழுவதும் கத்தும் முகங்கள். எல்லோரும் கத்தினால் எவர் குரலும் கேட்காது. 2014 பெப்ரவரியில் வியட்நாமின் டொங் நுயென் தனது 'ஃப்ளாப்பி பேர்ட்' விளையாட்டைத் தாமாகவே கடையிலிருந்து நீக்கியபோது, அதே பறவை, அதே பச்சைக் குழாய் எனப் போலிகள் குவிந்தன. பெயரைக் கடன்வாங்கிய செயலிகளைக் கடைக்காரர்களே நிராகரிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது அளவைக் கருவி. 2015இல் கூகுளும் 2021இன் இறுதியில் அப்பிளும், ஒரே விளையாட்டுக்குப் பல முகப்புப் படங்களை வைத்து, பார்வையாளர்களைப் பிரித்து, எந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகமாக இறக்கினார்கள் என்று எண்ணும் வசதியைக் கொடுத்தன. பத்திரிகைக்காரனாகிய எனக்கு இதைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது. எங்கள் காலத்தில் திங்கட்கிழமை திரும்பிவரும் விற்காத பிரதிகளின் கட்டே எங்களுக்கிருந்த ஒரே அளவுகோல். ஆயினும் எண்ணிக்கைக்கு ஓர் எல்லையுண்டு. எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் மறுநாளும் வைத்திருந்தார்கள் என்று அது சொல்லும். எடுத்தவர் எந்த நம்பிக்கையில் எடுத்தார் என்று சொல்லாது. என் சுவரொட்டியும் அந்த வாரம் 'அதிகம் எடுக்கப்பட்ட' சுவரொட்டிதான்.

இந்தப் போக்கின் உச்சத்தைப் பிரித்தானியாவில் கண்டோம். 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' ஆகியவை ஒரே நிறத் துண்டுகளை வரிசைப்படுத்தும் விளையாட்டுகள். ஆனால் அவற்றின் விளம்பரங்கள் கம்பிகளை இழுத்துப் புதிரை அவிழ்த்து ஒருவனைக் காப்பாற்றும் வேறொரு விளையாட்டையே காட்டின. எல்லாப் படங்களும் உண்மை விளையாட்டைக் காட்டுவன அல்ல என்று ஒரு குறிப்பும் இருந்தது. 2020 செப்ரெம்பரில் பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை அவ்விளம்பரங்கள் இரண்டைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்துத் தடைசெய்தது. குறிப்புப் போட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சிறிதாக வைத்த கேள்விக்குறியைப் பற்றி எனக்கு எவரும் அன்று சொல்லாததை அந்தச் சபை சொல்லியிருக்கிறது.

கடைக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். 2021 செப்ரெம்பர் முதல் கூகுள், செயலிகளின் பெயரிலும் சின்னத்திலும் 'முதலிடம்', 'இலவசம்' போன்ற தம்பட்டங்களைத் தடுத்தது. கணினி விளையாட்டுகளின் பெரிய இணையக் கடையான ஸ்டீம், 2022 செப்ரெம்பர் 1 முதல் முகப்புப் படத்திலே விளையாட்டின் ஓவியம், பெயர், துணைப்பெயர் தவிர வேறெதுவும் இருக்கலாகாது என்று விதித்தது. விமர்சகர் கொடுத்த புள்ளிகள், விருதுகள், விலைக்கழிவு ஆகியவற்றை அதில் எழுத முடியாது. 1985இல் நின்டெண்டோ தானாக எடுத்த முடிவை, ஏறத்தாழ நாற்பது வருடங்களின் பின் கடைக்காரர் சட்டமாக எழுத வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின் மருமகனுக்கு நீண்டதொரு பதில் எழுதினேன். அதன் சாரத்தை, இத்துறையில் இறங்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது, பாய்கிற பஸ்ஸை நீக்கிவிடு. அதைப் பார்த்து வருபவன் ஓட்டப்பந்தயத்தைத் தேடி வருவான். பொதியைக் கண்டதும் போய்விடுவான். போகும்போது இரண்டு வரி வசையும் எழுதிவிட்டுப் போவான். உன் இரண்டு வருட உழைப்பைப் பந்தயக்காரன் தீர்ப்பிடுவான், அடுக்கி மகிழ்பவன் உன் கடைவாசலுக்கே வரமாட்டான்.

இரண்டாவது, நிற்கிற பஸ் நேர்மையானது, ஆனால் ஊமை. அதில் பொதி இருக்கிறது, அடுக்குவது இல்லை. 'பிற்ஃபோல்' அட்டையிலே ஊஞ்சல் இருந்தது போல, ஃப்ளோவின் கையில் தட்டு இருந்தது போல, உன் படத்தில் ஒரு வினை இருக்கவேண்டும். ஆடுபவனின் கை என்ன செய்யும் என்பதைக் காட்டு.

மூன்றாவது, ஒன்றை மட்டும் காட்டு. பனைமரமும் பயணிகளும் சாரதியும் உள்ளே வரட்டும். முன்பக்கத்தில் நாலு படம் போட்டால் வாசகன் ஒன்றையும் பார்க்கமாட்டான் என்பது நாங்கள் பட்டு அறிந்தது.

நான்காவது, பெயர் தெளிவாக இருக்கட்டும். தேடல் பட்டியலில் உன் படம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும். அங்கே அலங்கார எழுத்து வாசிக்கப்படாது. நாங்கள் முன்பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்ப்போம். நீ படத்தை முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பார். பிறகு நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கிப் பார். அப்போதும் உருவம் தெரிந்தால் படம் நிற்கும்.

ஐந்தாவது, அதைத் தனியாக வைத்துப் பாராதே. கடையில் அது தனியாக இருக்கப்போவதில்லை. உன்னைப் போன்ற பத்து விளையாட்டுகளின் படங்களுக்கு நடுவே வைத்துப் பார். எல்லோரும் நீலமென்றால் நீ மண்ணிறத்துக்குப் போ. எல்லோரும் கத்தினால் நீ பேசாமல் இரு.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அந்த முதியவரின் கதையையும் எழுதினேன். இதுவரை வீட்டில் எவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

இரண்டு வாரங்களின் பின் புதிய படமொன்று வந்தது. பஸ் முழுமையாக இல்லை, கூரை மட்டுமே தெரிகிறது. சாக்குகளும் சூட்கேஸ்களும் நெருக்கியடித்திருக்க, நடுவிலே ஒரு கோணலான இடைவெளி. மேலே இரண்டு கைகள் பெரிய பலாப்பழமொன்றைத் தூக்கிப் பிடித்தபடி. பலாப்பழம் அந்த இடைவெளிக்குள் போகும் போலவும் இருக்கிறது, போகாது போலவும் இருக்கிறது. விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. விற்குமா என்று என்னால் கூறமுடியாது. ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் வந்துகொட்டும் சந்தையில், நல்ல படம் ஒரு கணம் நிறுத்தும், அவ்வளவே. மிகுதியை விளையாட்டுத்தான் செய்யவேண்டும்.

படத்தைத் தொலைபேசியில் முத்திரை அளவுக்குச் சுருக்கி, அடுப்படியில் நின்ற மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். கணினி விளையாட்டு எதையும் ஆடி அறியாதவர், கையில் கண்ணாடியும் இல்லை. தொலைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உந்தப் பலாப்பழத்தை இவன் எங்கை வைக்கப் போறான்?"